ஞாயிற்றுக்கிழமை தனியாக எழுந்து நிற்கலாமா?

இந்த முறை ஒரு சகோதரியின் நீண்ட கடிதம். யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 54. கணவருக்குப் பக்கவாதம் வந்து 20 மாதங்கள் ஆகின்றன. வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பிள்ளைகள் வேலை நிமித்தம் தொலைவில் இருக்கிறார்கள். சபை ஒரு மணி நேரப் பயணத் தூரம். முதல் இரண்டு மாதங்கள் சபையார் வந்து ஜெபித்தார்கள், பிறகு வரவு நின்றுவிட்டது. அவர் கடைசியாகத் திருவிருந்தில் பங்கெடுத்ததும் 20 மாதங்களுக்கு முன்புதான். ஞாயிறு காலையில் செல்போனை மருந்துப் பெட்டியின்மேல் சாய்த்துவைத்து ஆராதனையைப் பார்க்கிறார். "எழுந்து நிற்போம் என்று போதகர் சொல்லும்போது நானும் எழுந்து நிற்கிறேன். ஆளில்லாத அறையில் நிற்பது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றுகிறது. உட்காரவும் மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

உறவினர் ஒருவர் எபிரெயர் 10:25-ஐ எடுத்துக்காட்டி, சபை கூடிவருதலை விட்டுவிட்டது பாவம் என்று சொல்லியிருக்கிறார். செல்போனில் பார்க்கும் இன்னொரு பிரசங்கியார், அறிக்கையிடப்படாத பாவம்தான் வியாதிக்குக் காரணம் என்கிறார். அந்தப் பிரசங்கியாருக்கு இவர் இரண்டு முறை 'விதைக் காணிக்கை' (பன்மடங்கு ஆசீர்வாதமாகத் திரும்பி வரும் என்று நம்பி அனுப்பும் பணம்) அனுப்பியிருக்கிறார். பத்து நிமிட நடைத் தூரத்தில் வேறொரு சபைப் பிரிவினரின் சிறிய ஐக்கியம் கூடுகிறது. அங்கே போனால் சொந்தச் சபைக்குத் துரோகம் ஆகுமோ என்று பயம். இப்போதெல்லாம் யாராவது அழைத்தால் போனை எடுக்கவே பிடிப்பதில்லையாம். கடிதத்தின் நடுவில், போகிற போக்கில் ஒரு வரி: "சில நாள் காலையில் கண் விழிக்காமலே போனால் நல்லது என்று தோன்றுகிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் தேடலாம், இதற்கு மட்டும் இந்த வாரமே ஏதாவது செய்தாக வேண்டும். உங்கள் கணவரைப் பார்க்கும் மருத்துவரிடமோ வேறு மருத்துவரிடமோ உங்களுக்காக ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரங்களுக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் இருண்டே கிடப்பது, தூக்கம் கலைவது, சாப்பாட்டில் நாட்டமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை ஆகியவை சேர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்கு மருத்துவம் உண்டு. அந்த வரியை மருத்துவரிடம் அப்படியே, மழுப்பாமல் சொல்லுங்கள். கண் விழிக்காமல் போனால் நல்லது என்பது, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமாக எந்த நேரத்தில் மாறினாலும் தனியாக இருக்காதீர்கள். அந்த நிமிடமே ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது அவசர மருத்துவ உதவியை அழையுங்கள்.

இப்படித் தோன்றுவது விசுவாசக் குறைவு என்று நீங்கள் நினைத்து ஒளித்திருப்பீர்கள். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலியா ஒளிக்கவில்லை. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று வாய்விட்டே கேட்டார். அதற்குக் கடிந்துகொள்ளும் பதில் எதுவும் வரவில்லை. கர்த்தர் அவரைத் தூங்க விட்டார். ஒரு தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்தவரை இரண்டாம் முறை எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் தூதன். 'இங்கே உனக்கு என்ன காரியம்' என்ற கேள்வி அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்தான் வருகிறது. கடைசியாக நீங்கள் தொடர்ந்து ஆறு மணி நேரம் தூங்கியது எப்போது? கடிதத்தில் அது இல்லை.

எலியாவின் கணக்கு

எலியாவை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்வோம். "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று அவர் இரண்டு முறை சொல்கிறார். பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் படியிடாத ஏழாயிரம் பேர் உண்டு என்று கர்த்தர் சொன்ன பதிலை எல்லாப் பிரசங்கங்களிலும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைவிட முந்தின அதிகாரம்தான் (1 இராஜாக்கள் 18) சுவையாக இருக்கிறது. அங்கே ஆகாப் ராஜாவின் அரண்மனை அதிகாரி ஒபதியா எலியாவையே நேரில் பார்த்து, கர்த்தருடைய தீர்க்கதரிசிகள் நூறு பேரை ஐம்பது ஐம்பது பேராகக் குகைகளில் ஒளித்துவைத்துப் பராமரித்ததைச் சொல்கிறான். அந்த நூறு பேரைப் பற்றி எலியாவின் காதில் விழுந்திருக்கிறது. ஆனாலும் கணக்குப் போடும்போது ஒன்று என்றுதான் வந்தது. போதாததற்கு, கூட இருந்த ஒரே வேலைக்காரனையும் பெயெர்செபாவிலேயே நிறுத்திவிட்டுத்தான் வனாந்தரத்துக்குள் போகிறார். சோர்ந்த மனம் போடும் கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும்.

உங்கள் கடிதத்தில் 'நான் ஒருத்தி', 'தன்னந்தனியாக', 'ஆளில்லாத அறையில்' என்ற சொற்கள் பல இடங்களில் வருகின்றன. நான்காம் பக்கத்தில் வேறொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: பழைய பாமாலைப் பாட்டு ஒலிக்கும்போது கணவரின் உதடுகள் அசைகின்றன, ஒரு முறை இரண்டு சொற்கள் தெளிவாகவே வந்தன. அப்படியானால் அந்த அறையில் எத்தனை பேர்? ஒரு நாளைக்குப் பத்து முறை புரட்டிப் படுக்க வைத்து, துடைத்து, ஊட்டிவிடும்போது அவர் உங்களுக்கு நோயாளி ஆகிவிட்டார். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவரும் விசுவாசி. இரண்டு பேராவது மூன்று பேராவது கூடினால் அவர்கள் நடுவில் இருக்கிறேன் என்று இயேசு சொன்னது, இரண்டில் ஒருவர் பேச முடியாதவராக இருந்தால் செல்லாது என்று எங்கும் எழுதியில்லை. உண்மையிலேயே ஒருவராக இருப்பவர்களுக்கும் அந்த வசனம் கதவைச் சாத்துவதில்லை. அதே மத்தேயுவில்தான், அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, அந்தரங்கத்திலிருக்கிற பிதாவை நோக்கி ஜெபம்பண்ணு என்ற வார்த்தையும் இருக்கிறது.

இதில் மருத்துவச் செய்தியும் ஒன்று உண்டு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர்களில் பலருக்கு, பழகிய பாட்டின் சொற்கள் மட்டும் மெட்டோடு சேர்ந்து வெளிவருவது மருத்துவர்கள் நன்கு அறிந்தது. மெட்டை வைத்தே பேச்சை மீட்க முயலும் பயிற்சி முறையும் இருக்கிறது. அந்த இரண்டு சொற்களைப் பற்றிப் பேச்சுப் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். தினமும் ஒரே பாட்டை, மெதுவாக, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பாடிப் பாருங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அது உங்கள் குடும்ப ஜெபம்.

எபிரெயர் 10:25 யாரைப் பார்த்துப் பேசுகிறது?

உங்கள் உறவினர் எடுத்துக்காட்டியது முழு வாக்கியம் அல்ல. வாக்கியம் 24-ஆம் வசனத்தில் தொடங்குகிறது: "அன்புக்கும் நற்கிரியைகளுக்கும் நாம் ஏவப்படும்படி ஒருவரையொருவர் கவனித்து". கூடிவரச் சொல்வதன் நோக்கமே ஒருவரையொருவர் கவனிப்பதுதான். 20 மாதங்களாக ஒரு சகோதரியின் இருக்கை காலியாக இருக்கிறதே, ஏன் என்று பார்க்க வேண்டிய பொறுப்பு யாருக்கு என்று அந்த வசனத்தையே கேட்டால், அதன் விரல் உங்கள் பக்கம் மட்டும் நீளாது.

அடுத்து, 'விட்டுவிடுகிறது' என்ற சொல். மூல கிரேக்கத்தில் இது கைவிட்டுப் போவதைக் குறிக்கும் வினைச்சொல். உடன் ஊழியனான தேமா தன்னை விட்டுப் பிரிந்து போனான் என்று பவுல் எழுதும் இடத்திலும், எல்லாரும் என்னைக் கைவிட்டார்கள் என்று எழுதும் இடத்திலும் இதே சொல்தான். வழியில்லாமல் வீட்டில் அடைபட்டுக் கிடப்பவரை இந்தச் சொல் தொடவில்லை. போக மனமிருந்தும் போகக் கால் வராதவர் கைவிட்டவர் ஆகமாட்டார். இன்னும் மூன்று அதிகாரம் தள்ளி, அதே நிருபத்தில் அந்த வினைச்சொல் மறுபடியும் வருகிறது, இந்த முறை கர்த்தரின் வாயில்: "நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை." 10:25-ஐ வைத்து உங்களை அடித்தவர்கள் 13:5 வரை படித்திருக்கலாம்.

ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 'தேவன் என்னோடு இருக்கிறார், எனக்கு சபை வேண்டாம்' என்ற முடிவுக்கு நீங்கள் மெல்லச் சாய்வதும் கடிதத்தில் தெரிகிறது. அது ஆறாத காயம் பேசும் பேச்சு. 42-ஆம் சங்கீதத்தைப் பாடியவர் யோர்தான் தேசத்திலும் எர்மோன் மலைப்பக்கத்திலும் இருந்துகொண்டு, முன்பு கூட்டத்தோடு தேவாலயத்துக்குப் போய்வந்த நாட்களை நினைக்கும்போது உள்ளம் உருகுகிறது என்கிறார். எனக்கு அந்தக் கூட்டம் தேவையில்லை என்று அவர் தன்னைத் தேற்றிக்கொள்ளவில்லை. ஏங்கினார், அழுதார், 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்' என்று தன்னிடமே மூன்று முறை கேட்டார். 42, 43 இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்த மூன்றும் கிடைக்கும். ஏக்கம் இருக்கட்டும், அதை வெட்டி எறிய வேண்டாம்.

மேலங்கியைக் கேட்ட பவுல்

சபை உங்களை மறந்தது தவறு. அதற்கு நான் சாக்குச் சொல்லமாட்டேன். முதல் இரண்டு மாதங்கள் ஓடோடி வருவதும் பிறகு காணாமல் போவதும் நீண்ட கால நோய் உள்ள வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான். கெட்ட எண்ணத்தால் அல்ல. என்ன சொல்வதென்று தெரியாமல் தள்ளிப் போடுகிறார்கள், தள்ளிப் போட்டது வெட்கமாகி, வெட்கம் விலகலாகிவிடுகிறது. ஆனால் மனிதர் மறந்ததைக் கர்த்தர் மறந்ததன் அடையாளமாக எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் சிறையில் இருக்கிறார். எல்லாரும் கைவிட்டதைச் சொல்லிவிட்டு, "கர்த்தரோ எனக்குத் துணையாக நின்று" என்று எழுதுகிறார். இங்கேயே முடித்திருந்தால் நாம் எதிர்பார்க்கும் விசுவாச வீரர் கிடைத்திருப்பார். அவரோ அதே அதிகாரத்தில், சீக்கிரம் என்னிடத்தில் வா என்கிறார். மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, துரோவாவில் கார்ப்பு வசம் வைத்துவந்த மேலங்கியை எடுத்து வா, புஸ்தகங்கள் வேண்டும், தோற்சுருள்கள் கட்டாயம் வேண்டும், மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர். கர்த்தர் பக்கத்தில் நின்றது உண்மை, குளிர் அடித்ததும் உண்மை. ஒன்று இருப்பதால் மற்றதைக் கேட்க அவர் கூச்சப்படவில்லை. எந்த ஆள், எந்தப் பொருள், எந்த ஊரில், யாரிடம், எந்தப் பருவத்துக்குள் என்று எல்லாவற்றையும் குறிப்பிட்டுக் கேட்கிறார்.

யாக்கோபு 5:14-ஐயும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வியாதிப்பட்டவன் மூப்பர்களை வரவழைப்பானாக என்கிறது. அழைக்கும் உரிமை படுக்கையில் இருப்பவரின் கையில் இருக்கிறது. 'அவர்களாகவே வரட்டும், கேட்டு வாங்கும் அன்பு எதற்கு' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ரோஷம் எனக்குப் புரிகிறது. ஆனால் 20 மாதங்களில் நீங்கள் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. 'நலமா' என்று கேட்டவர்களிடம் 'கர்த்தர் நடத்துகிறார்' என்று சொல்லிப் போனை வைத்திருக்கிறீர்கள். கேட்டவர் அதை நலம் என்றே எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆகவே போதகருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாக வேண்டாம். இந்த மாதிரி இருக்கட்டும்: "ஐயா, கணவரைத் தனியாக விட முடியாததால் 20 மாதங்களாக ஆராதனைக்கு வர முடியவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை அவரோடு இருக்க ஒருவரை அனுப்ப முடியுமா? செய்ய வேண்டியதை நான் ஒரு தாளில் எழுதி வைக்கிறேன். எங்கள் இருவருக்கும் வீட்டில் திருவிருந்து கொடுக்க ஒரு நாள் வருவீர்களா?" பத்து நாட்களில் பதில் வராவிட்டால் மூப்பர் ஒருவருக்கு அதையே அனுப்புங்கள். கேட்டும் ஒருவரும் அசையவில்லை என்றால், அப்போது சபையைப் பற்றி வேறு முடிவு எடுக்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

திருவிருந்து பற்றி

வீட்டுக்குக் கொண்டுவரக் கேட்பது அதிகப்படியோ என்று தயங்க வேண்டாம். கி.பி. 155 வாக்கில் ரோமப் பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஆதிச் சபையின் எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை எப்படி நடக்கும் என்று விவரிக்கிறார். அப்பமும் பானமும் பகிர்ந்த பிறகு, வர இயலாதவர்களுக்கும் உதவிக்காரர்கள் கையில் பங்கு கொடுத்தனுப்புவார்களாம். வராதவரையும் கணக்கில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அவ்வளவு பழையது. சில சபைகள் மட்டும் கூடுகைக்கு வெளியே திருவிருந்து கொடுப்பதில்லை. உங்கள் சபை எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிக்கல் இருக்கலாம். சிறு துண்டு அப்பமும் ஒரு வாய்த் திரவமும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயம் உண்டு. எந்தப் பதத்தில், எவ்வளவு கொடுக்கலாம் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, போதகரிடமும் சொல்லிவிடுங்கள். நிமிர்ந்து உட்கார வைத்த பிறகே எதையும் கொடுக்க வேண்டும்.

செல்போனில் வரும் பிரசங்கங்கள்

உங்கள் சபை ஆராதனையைப் பார்ப்பது நல்லதே, தொடருங்கள். அது நேரில் கூடுவதற்கு ஈடாகுமா என்றால், ஆகாது. யோவானே தம் இரண்டாம் நிருபத்தில், காகிதத்தாலும் மையாலும் எழுத மனதில்லை, முகமுகமாய்ப் பேச வருகிறேன் என்கிறார். ஆனால் அதைச் சொல்லவும் காகிதமும் மையும் தேவைப்பட்டன. இருப்பதைப் பயன்படுத்துங்கள், இல்லாததற்கு ஏங்குங்கள்.

இன்னொரு பிரசங்கியாரை நிறுத்திவிடுங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பிறவிக் குருடனைக் காட்டி 'யார் செய்த பாவம்' என்று சீஷர்கள் கேட்டபோது, இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்று இயேசு சொன்னார். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். காரணம் கண்டுபிடிக்கத் தொடங்கியபோதுதான் கெட்டது. தனித்திருப்பவரின் பயத்தைக் கிளறிவிட்டு, கூடவே பணம் அனுப்பும் வழியையும் காட்டுகிறவர் மேய்ப்பர் அல்ல. அனுப்பியது போகட்டும், இனி வேண்டாம். மாதாமாதம் தானாகக் கழியும்படி ஏதாவது ஏற்பாடு செய்திருந்தால் வங்கியில் சொல்லி ரத்து செய்யுங்கள்.

பக்கத்து ஐக்கியத்துக்குப் போவது துரோகம் அல்ல. பத்து நிமிட நடை என்பது உங்கள் நிலையில் பெரிய வரம். ஆனால் சேருவதற்கு முன் இரண்டு மூன்று வாரம் போய்ப் பாருங்கள். சொந்தப் போதகருக்குத் தெரிவித்துவிட்டுப் போங்கள். மறைத்தால் அதுவே இன்னொரு குற்ற உணர்வாகிவிடும். சபையை விட்டு விலகி வா என்று முதல் நாளே வற்புறுத்தினால் திரும்பிவிடுங்கள். வாரத்தில் ஒரு மாலை அவர்களில் இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வந்து ஜெபிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ, உங்களுக்கு உடனடி உதவி அங்கிருந்துதான் வரும் என்று தோன்றுகிறது. எலியாவுக்கும் அந்த ஏழாயிரம் பேர் ஊர்வலமாக வரவில்லை. ஏர் உழுதுகொண்டிருந்த எலிசா ஒருவன்தான் வந்தான்.

போனை எடுப்பது பற்றி: எல்லோருடையதையும் எடுக்க வேண்டாம். உங்களுக்குச் சுமையாக இல்லாத ஒருவரைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில் பேசுங்கள். அவரிடம் 'கர்த்தர் நடத்துகிறார்' என்பதோடு நேற்று இரவு எத்தனை முறை எழுந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, எழுந்து நிற்பது. பாபிலோனுக்குச் சிறைபட்டுப் போன தானியேலின் வீட்டு மேலறையில் எருசலேமுக்கு நேராகப் பலகணிகள் திறந்திருந்தன. அந்தத் திசையில் ஆலயம் அப்போது இடிந்து கிடந்தது. அங்கே பாடகர் இல்லை, கூட்டம் இல்லை. ஆனாலும் அவர் முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளையும் முழங்காற்படியிட்டார். யாரும் உடன் இல்லையே என்று உட்கார்ந்துவிடவில்லை.

வருகிற ஞாயிறு செல்போனை உங்களைப் பார்த்தபடி வைக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி, அது கணவரின் கண்ணுக்கு நேராக இருக்கும்படி வையுங்கள். போதகர் சொல்லும்போது அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள்.